செவ்வந்தியைக் காத்திருக்க வைக்கும் விளக்கு

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எங்கள் வளவின் பின்புறம், கிணற்றடிக்கு அப்பால், இரவு 10 மணிக்கு எரியத் தொடங்கும் மின்குமிழ்களைப் பார்க்கும் அயலவர்கள், செவ்வந்தியை விரைவாகப் பூக்க வைக்கவே அவற்றைப் போடுகிறேன் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வெளிச்சம் செடியைப் பூக்கவிடாமல் தடுத்து வைக்கிறது.

முதல் முறை நுவரெலியாவிலிருந்து வேர்விட்ட கன்றுகளைக் கொண்டுவந்து விளக்கில்லாமல் நட்டேன். ஒரு சாண் உயரம் எட்டுமுன்பே அவை மொட்டுவிட்டன. பூச்சாடியில் வைக்கத் தண்டே இல்லாத பூக்களைப் பார்த்து மனம் மிகவும் நொந்தது. காரணம் எங்கள் வானத்தில் இருந்தது. பகல் ஏறக்குறைய 13½ மணி நேரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான செவ்வந்தி வகைகள் மொட்டுக் கட்டும். திருகோணமலையிலோ ஆனி மாதத்தின் மிக நீண்ட பகல்கூட 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே இங்கே ஆண்டு முழுவதும் அதற்குப் பூக்கும் காலந்தான்.

செடி உண்மையில் அளப்பது தொடர்ச்சியான இருளை; அது போதிய அளவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும். இலையிலுள்ள பைற்றோகுரோம் என்ற நிறமி பகலில் பெற்ற வடிவத்தை இருளில் மெல்ல இழக்கிறது. நள்ளிரவில் சிவப்பு ஒளி பட்டால் அவ்வடிவம் மீண்டுவிடுவதால், ஒரு நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகிவிடுகிறது. 1938இல் ஹம்னர், போனர் என்ற அமெரிக்கத் தாவர ஆய்வாளர்கள் வேறொரு செடியில் இதைக் காட்டினார்கள். எவ்வளவு சிறிய குறுக்கீடு எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எனவே, இரவு 10 முதல் அதிகாலை 2 மணி வரை, செடியின் உச்சியில் ஏறத்தாழ 100 லக்ஸ் வெளிச்சம் விழும்படி, சிவப்பு ஒளி போதிய அளவுள்ள எல்இடி மின்குமிழ்களை டைமரில் இணைத்திருக்கிறேன். கன்று எடுக்கும் தாய்ச்செடிகளுக்கு இவ்வெளிச்சம் எப்போதும் வேண்டும். பூவுக்கு வளர்ப்பவற்றுக்குத் தண்டு ஓர் அடியளவு உயரும் வரை போதும். சென்ற முறை ஒரு மூலையில் மின்குமிழ் பழுதடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த மூலைச் செடிகள் மட்டும் முந்திக்கொண்டு மொட்டுவிட்டன.

விளக்கை நிறுத்திய பிறகு, வகையைப் பொறுத்து 8 முதல் 10 வாரங்களில் பூ விரியும். அந்த வாரங்களில் தெருவிளக்கின் ஒளிகூடப் படாமல் மறைக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் 30 பாகைக்கு மேல் ஏறி மொட்டைத் தாமதப்படுத்துவதால், நவராத்திரிக்குப் பூக்க வைக்கும் ஆசையை விட்டுவிட்டேன். தைப்பொங்கலே என் குறி. மாரி மழைக்குக் கூரை போட்டுவிட்டேன்; நவம்பர் முதல் வாரத்தில் டைமரை நிறுத்துவேன்.