இரைப்பை ஆபரேஷனுக்குப் பை கட்டிய கதை

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று என்றதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். போர்வை, பிளாஸ்க், தட்டு, டம்ளர், பொழுது போக நாலு புத்தகம். காய்ச்சலில் போய்ப் படுப்பவருக்கு அது சரிதான். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவரைப் படுத்துக் கிடக்க விடமாட்டார்கள். எனக்கு விளக்கம் சொன்ன நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: நடக்கணும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், ஆழமாக மூச்சு இழுத்து விடணும், இதுதான் உங்க வேலை. அந்த மூன்றுக்கும் உதவாத எதையும் பையில் வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். அக்காவுக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் பங்குக்கு ஒரு பெரிய பை கட்டினாள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் வடிவில் விட்டுவைப்பார்கள். வயிற்றைக் கிழிக்காமல் ஐந்தாறு சிறு துளைகள் வழியாகவே முடித்துவிடுவதால், சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஓரிரு இரவுகளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு சூட்கேஸ் எதற்கு? ஆபரேஷனுக்குப் பிறகு குனிவதும் எட்டி எடுப்பதும் கஷ்டம், கனம் தூக்கவே கூடாது. மேல்பக்கம் அகலமாகத் திறக்கும் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டேன். கட்டிலை ஒட்டி நாற்காலியில் வைத்தால், படுத்தபடியே கையை விட்டு எடுக்கலாம்.

முதலில் எடுத்து வைத்தது சிபாப் இயந்திரம், அதாவது தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி. தூக்கத்தில் மூச்சு அடைபடும் தொந்தரவு எனக்குப் பல வருடமாக உண்டு. இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பலருக்கும் இருக்கும். மயக்க மருந்தின் மப்பும் வலி மருந்தின் தூக்கமும் சேரும்போது மூச்சு இன்னும் மந்தமாகும் என்பதால், வீட்டில் பயன்படுத்தும் இயந்திரத்தையே கொண்டுவரச் சொன்னார் மயக்க மருந்து டாக்டர். முகத்துக்குப் பழகிய மாஸ்க் வேறு, அங்கே எடுத்துத் தரும் மாஸ்க் வேறு. மாஸ்க், குழாய், மின்கம்பி மூன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். ஆபரேஷன் முடிந்து கண்காணிப்பு அறை, அங்கிருந்து வார்டு என்று ஆள் நகரும்போது சாமான்கள் பின்தங்கிவிடும்.

அடுத்தது மாத்திரைப் பொட்டலம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அதனதன் அட்டையோடு எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு தாளில் பெயர், அளவு, எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டது எல்லாம் எழுதினேன். கொண்டுபோனது நர்ஸிடம் காட்டத்தானே தவிர, நானே எடுத்துப் போட்டுக்கொள்ள இல்லை. இரைப்பை சுருங்கி, சாப்பாடும் நின்றுவிட்ட நிலையில் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடக்கூடும். எனக்கு மறுநாளே அளவைக் குறைத்தார்கள். ஒன்றை நிறுத்தியே விட்டார்கள். சில சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தத்தை இளக்கும் மருந்துகளும் அப்படித்தான். அந்தத் தாளைக் கடைசி நாளில் எழுதாமல், முன்பரிசோதனைக்குப் போகும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வலிக்கு வீட்டில் வழக்கமாகப் போடும் இபுப்ரோபென், டைக்லோபினாக் வகை மாத்திரைகளை அக்கா பையிலிருந்து நானே எடுத்து வெளியே வைத்தேன். அவை இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. தையல் போட்ட இரைப்பையில் அந்த வம்பு வேண்டாம். இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்களை அந்தப் பக்கமே போகாதே என்பார்கள். பெரிய மாத்திரைகளைச் சிறிது காலம் பொடித்தோ திரவமாகவோ தருவார்கள் என்பதால், எதைப் பொடிக்கலாம் எதைக் கூடாது என்றும் கேட்டு அதே தாளில் குறித்துக்கொண்டேன். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

உள்ளே அழைத்துப் போகும் முன் எப்படியும் நகை, வாட்ச், காண்டாக்ட் லென்ஸ், பல்செட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நகையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கண்ணாடிக்கு மட்டும் கெட்டியான பெட்டி ஒன்று. நெயில் பாலிஷையும் முந்தின நாளே அழித்தாயிற்று. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிக்கு அது இடைஞ்சல்.

கண் விழித்ததும் வலியைவிட முதலில் தெரிந்தது வறட்சி. உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டால், இப்போது இல்லை என்றார்கள். பையில் இருந்ததிலேயே அப்போது விலைமதிப்பில்லாத பொருள் உதட்டுக்குத் தடவும் லிப் பாம்தான். அதை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தேன்; விழித்தவுடன் தடவிவிட்டாள். பஞ்சை நனைத்து வாயைத் துடைத்துவிட்டார்கள். பிறகு பல் துலக்கிக் கொப்பளிக்கவும் அனுமதி கிடைத்தது. பிரஷ் சின்னதாக, மெத்தென்று இருக்கட்டும். பேஸ்ட் வாசனை தூக்கலாக இருந்தால் குமட்டும்.

குடிக்க விட்டபோது கையில் கொடுத்தது 30 மில்லி அளவுக் குப்பி. மருந்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் மூடி அளவுதான். அதைக் கால்மணி நேரத்துக்கு வைத்துக் குடிக்க வேண்டும். முதல் மிடறு நெஞ்சுக்கு நடுவில் நின்று, யோசித்து, பிறகு ஒரு சின்னக் களக் சத்தத்தோடு இறங்கியது. இரண்டாவது மிடறை அவசரப்படுத்தினேன்; மார்பில் அழுத்தம் வந்து வாயில் எச்சில் ஊறிவிட்டது. போனில் கால்மணிக்கொரு முறை மணியடிக்க வைத்துக்கொண்டேன். உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள், காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால். ஆக, பிளாஸ்க்கும் டம்ளரும் திறக்கப்படவே இல்லை. நோயாளிக்காகச் சாப்பாட்டுச் சாமான் எதையும் கட்ட வேண்டாம். புரோட்டீன் பவுடர்கூட வீட்டில் இருந்தால் போதும்.

நடைதான் பெரிய வேலை. ஆபரேஷன் அன்றே சில மணி நேரத்தில் எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, காலில் ரத்தம் உறையாமல் இருக்க. அதற்கு ஊசியும் போடுவார்கள். படுத்திருக்கும் நேரத்தில் கெண்டைக்காலைச் சுற்றி ஒரு உறையையும் மாட்டிவிடுவார்கள். அது உஸ்ஸென்று காற்று நிரம்பி இறுக்கும், பிறகு விடும். ராத்திரி முழுக்க யாரோ மாற்றி மாற்றிக் கால் பிடித்துவிடுவது போலிருந்தது. இன்னொன்று வாயு. கருவிகளுக்கு இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பித்தான் ஆபரேஷன் செய்கிறார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் வந்து உட்காரும். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளிலா என்று புதிதாகப் பார்ப்பவர் பயந்துவிடுவார். நடக்க நடக்கத்தான் குறையும்.

அப்படி நடக்க என்ன தேவை? குனியாமல் காலை நுழைக்கும்படி, வழுக்காத அடியுள்ள செருப்பு. ஆஸ்பத்திரி கவுன் பின்பக்கம் திறந்திருக்கும் என்பதால் அதன்மேல் போட்டுக்கொள்ள முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள மேலங்கி. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும், ஆகவே அங்கியின் கையும் அகலமாக இருக்க வேண்டும். இடுப்பில் இறுக்கும் எலாஸ்டிக், நாடா எதுவும் ஆகாது. துளைகளில் ஒன்றிரண்டு சரியாக அங்கேதான் இருக்கும். அதோடு ஒரு விஷயம்: எடை குறைப்பு ஆபரேஷன்தானே என்று வீட்டுக்குத் திரும்ப ஒரு சுற்றுச் சின்ன உடையாக எடுத்து வைக்காதீர்கள். ஏற்றிய டிரிப்பும் உள்ளே நின்ற வாயுவும் சேர்ந்து, கிளம்பும் நாளில் வயிறு போன நாளைவிட உப்பித்தான் இருந்தது. எடைக்கருவியும் அதையே சொன்னது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்பதால் சிரிக்கவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஸ்பைரோமீட்டர் தந்தார்கள். குழாயில் வாய் வைத்து இழுத்தால் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும். முதல் நாள் ஒரு பந்தே சோம்பேறித்தனமாக எழுந்தது. இருமல் வரும்போது வயிற்றில் அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொண்டுபோயிருந்தேன். அதை வைத்து அழுத்திக்கொண்டு இருமினால் தையல் இழுக்காது. காரில் திரும்பும்போது சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதே தலையணை. பயணம் நீளமென்றால் நடுவில் இறங்கி நாலடி நடக்கவும் சொன்னார்கள்.

புத்தகம் நாலு வரிக்குமேல் ஓடவில்லை. போன் சார்ஜருக்கு நீளமான கம்பி, காதில் வைக்கும் இயர்போன், ஈரத் துடைப்பான், இவை போதும். கூட இருப்பவருக்குத்தான் நிஜமாகவே பை வேண்டும்: அவருக்குச் சாப்பாடு, போர்வை, மாற்றுடை. அக்காவின் பெரிய பையில் பாதி அவளுக்கே உதவியது. சாப்பாட்டை மட்டும் என் கண்ணில் படாமல் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள், வாசனைக்கே எனக்குக் குமட்டியது.

வெறும் கோப்பு ஒன்றும் எடுத்துப் போங்கள். வரும்போது காகிதம் நிறையத் தருவார்கள்: எத்தனை நாள் திரவ உணவு, வயிற்றமிலம் குறைக்கும் மாத்திரை எதுவரை, வைட்டமின்கள் எப்போது தொடங்க, அடுத்த பரிசோதனை எப்போது. அதில் அவசர எண் உள்ள பக்கத்தைப் படம் பிடித்து அக்காவின் போனிலும் போட்டுவைத்தேன். காய்ச்சல், நாடித்துடிப்பு நிற்காமல் 120ஐத் தாண்டுவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஒரு மிடறு தண்ணீரும் தங்காமல் வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும் என்று கிளம்பும்போது அவளிடம்தான் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அப்போது பாதித் தூக்கம்.