பகலில் துணி, மழைக்கு டயப்பர்

கைக்குழந்தைக்குத் துணியா, டயப்பரா என்று கேட்கும் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும்போது மகளுக்குத் துணிதான். அப்பாவின் பழைய பருத்தி வேட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கிறது. மடித்துக் கட்டினால் நனைந்ததும் தெரிந்துவிடும், உடனே மாற்றிவிடலாம். கடலூர் வெயிலில் மொறமொறவென்று காய்ந்தும் விடுகிறது. துவைக்கும்போது வாசனைத் திரவம் மட்டும் ஊற்றாதீர்கள். அது இழையில் படிந்து, துணி ஈரம் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் கதையே வேறு. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டினால் பிள்ளைக்குத் தோல் புண்ணாகும். அந்த நாட்களிலும், பஸ் பயணத்திலும் தாராளமாக டயப்பர் போடுங்கள். யார் என்ன சொன்னாலும் அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் சிறுநீரைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்வதால் மேலே ஈரமே தெரியாது. அடிக்கடி பிரித்துப் பாருங்கள். மலம் கழித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கெடிலம் ஆற்றங்கரையில் டயப்பர்கள் வீசப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவற்றை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் இன்னது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதைக் கையால் எடுப்பவர் அவர்தான்.