புயல்: மேகமாக இருந்த சொல்

'ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்.' இது 14ஆவது குறள். இன்றைய பொருளை வைத்து இதைப் படித்தால் சிரிப்புதான் வரும்: புயல் குறைந்தால் உழவர்கள் ஏர் பூட்ட மாட்டார்களாம்! இங்கே புயல் என்பது மழை. 'வாரி' என்றால் வருவாய். மழை என்னும் வருவாய் குன்றினால் உழவு நின்றுபோகும் என்கிறார் வள்ளுவர்.

இன்னும் பழைய பொருள் மேகம். நிகண்டுகள் கொண்டல், எழிலி, மங்குல், முகில் ஆகியவற்றோடு புயலையும் மேகத்தின் பெயராகவே அடுக்குகின்றன. மழை என்ற சொல்லுக்கும் இதே கதைதான். சங்கப் பாடல்களில் மலை உச்சியில் 'மழை' தவழும், அது மேகம். 'பானை பொங்கியது' என்னும்போது பானையின் பெயர் உள்ளே இருக்கும் சோற்றுக்கு வருவதுபோல, மேகத்தின் பெயர் அது கொட்டும் நீருக்கு வந்தது. மழை அதோடு நின்றுகொண்டது. புயல் இன்னும் ஓர் அடி தள்ளிப்போய்க் காற்றில் ஏறிக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக்குக் கருமேகமும் அடைமழையும் பேய்க்காற்றும் ஒரே மூட்டையாக வருவதால், பெயர் இடம் மாறியதில் வியப்பில்லை என்பது என் கணிப்பு.

'புய்த்தல்' என்றால் பிடுங்குதல். மரத்தை வேரோடு பிடுங்குவதால் புயல் என்று விளக்கம் சொல்ல யாருக்கும் ஆசை வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய புயல் எதையும் பிடுங்கவில்லை, நீரைச் சுமந்தது. பின்னால் வந்த பொருளை வைத்து வேர் தேடினால் இப்படித்தான் ஆகும்.

காற்றுக்கென்றே பிறந்த சொல் சூறாவளி: சூறை, வளி இரண்டும் சேர்ந்தது. இலங்கைத் தமிழில் இன்றும் அதுதான் வழக்கு. மட்டக்களப்பில் 1978 நவம்பரில் அடித்ததைச் சூறாவளி என்றே சொல்வார்கள். ஆங்கிலச் சொல்லான சைக்ளோனும் நம் பக்கத்தில் பிறந்ததுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கி, 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வைத்தார். அந்தச் சொல்லுக்குள் சுழற்சி இருக்கிறது. புயலுக்குள் அது இல்லை.

வானிலை ஆய்வு மையம் புயல் என்று அறிவிப்பதற்குக் காற்றின் வேகம் மட்டுமே அளவுகோல். மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 51 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், 89க்கு மேல் தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல். இவை 3 நிமிடச் சராசரி வேகங்கள். அறிக்கையில் 'இடையிடையே' என்று சொல்லி அடுத்து வரும் பெரிய எண், திடீரென வீசும் காற்றுக்கு உரியது. கூரை ஓட்டைப் பெயர்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்தான்.

சிக்கல் இங்கேதான். 'புயல் வலுவிழந்தது' என்றதும் மழையும் போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். வலுவிழந்தது காற்று மட்டுமே. 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்தது புயலே அல்ல; தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகுதான் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்!

ஆகவே அறிக்கையில் புயலின் பெயரைத் தேடும் அதே கண்ணால் மழைச் சொற்களையும் தேடுங்கள். கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதற்கும் மேலே அதி கனமழை. தாழ்வான தெருவில் வீடு இருப்பவர் வண்டியை மேட்டுக்கு ஏற்றுவதா, தரைத்தள மின் இணைப்பைத் துண்டிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியது இந்த மூன்றைப் பார்த்துத்தான். காற்றுக்கு என்ன பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அல்ல.