ஹாப்ஸ், லாக், ரூசோ: ஆப்ஷனலுக்கு நான் படித்த விதம்

யுபிஎஸ்சிக்கு அரசியல் அறிவியலை ஆப்ஷனலாக எடுத்தவர்கள் ஹாப்ஸ், லாக் போன்ற மேற்கத்திய அரசியல் சிந்தனையாளர்களுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் நோட்ஸ் போட்டு மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு சிந்தனையாளரும் எதைக் கண்டு பயந்தார் என்று முதலில் பிடியுங்கள், மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஹாப்ஸையே பாருங்கள். 1642-இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூள்கிறது, 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டுகிறார்கள், அப்போது பாரிஸில் தஞ்சமிருந்த ஹாப்ஸின் 'லெவியதான்' நூல் 1651-இல் வெளிவருகிறது. அடக்க ஒரு அதிகாரம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளும் நிலைதான் அவருடைய பயம். இதை மனதில் வைத்து 13-ஆம் அத்தியாயத்தை மூலத்திலேயே படியுங்கள், சில பக்கங்கள்தான். மனிதரைப் பற்றி இவ்வளவு மோசமாகச் சொல்கிறாரே என்று நினைப்பவரிடம் அவரே திருப்பிக் கேட்கிறார்: சட்டமும் காவலும் இருக்கும்போதே பயணத்துக்கு ஆயுதம் எடுத்துப் போகிறாய், தூங்கும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அப்படியானால் கூட இருப்பவர்களைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? இயற்கை நிலை, அதாவது அரசே இல்லாதபோது மனிதர் எப்படி வாழ்வார் என்பது பற்றிய விடையில் இந்த ஒரு வாதத்தை வைத்தாலே போதும், நீங்கள் மூலத்தைப் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

லாக்குக்குப் பயம் வேறு, கட்டுப்பாடில்லாத ஆட்சியாளர். அதனால்தான் அரசை மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்கிறார், அந்த நம்பிக்கையை மீறினால் எதிர்க்கலாம் என்கிறார். இங்கே கவனம்: அவருடைய 'இரண்டு ஆய்வுரைகள்' 1689-இல் வெளியானதால் இங்கிலாந்தில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை அகற்றிய 1688 புரட்சியை நியாயப்படுத்த எழுதியது என்று கைடுகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், ஆனால் பெரும்பகுதி புரட்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

ரூசோ யுபிஎஸ்சி சிலபஸில் பெயர் சொல்லி இல்லை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதுபவர்களுக்கு அவசியம் வேண்டும். பிறரைச் சார்ந்து, பிறருக்கு அடங்கி வாழ்வதுதான் அவருடைய பயம். அவர் சொல்லும் பொது விருப்பம், அதாவது எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் விருப்பம், என்பது எல்லோருடைய விருப்பங்களையும் கூட்டிப்போட்டு வரும் தொகை இல்லை, அதைத் தனியாக எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விடை எழுதும்போது. 10 மதிப்பெண் குறிப்புக்கு 150 சொற்கள்தான், அதில் பிறந்த ஊரும் வருடமும் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். முதல் வரியிலேயே அந்தப் பயத்தைச் சொல்லி, அதற்கு அவர் தந்த தீர்வு, அந்தத் தீர்வை அடுத்தவர் எங்கே மறுக்கிறார் என்று போங்கள். மில்லுக்கும் மார்க்ஸுக்கும் இதே கேள்வியை வைத்து இந்த வாரமே ஒவ்வொரு விடை எழுதிப் பாருங்கள்.