கொர்வெட்டுக்கு கியர்பாக்ஸ் தேடிய கதை

டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடம் 1987 மாடல் செவர்லே கொர்வெட் கார் ஒன்று இருக்கிறது, 5.7 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக். போன வருஷம் ஒருநாள் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் நேரத்தில் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டு எகிறியது, வண்டி வேகம் எடுக்கவே இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் கறுத்துப்போய் தீய்ந்த வாடை. மூன்றாவது, நான்காவது கியருக்கான கிளட்ச் தட்டுகள் போய்விட்டன. இந்த வகை கியர்பாக்ஸில் பெரும்பாலும் முதலில் எரிவது அதுதான்.

காருக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எம்டி8 என்று இருந்தது, அதாவது 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சரி, பெயர் தெரிந்துவிட்டது, இனி என்ன கஷ்டம் என்று பழைய பாகங்கள் விற்கும் ஒரு இடத்தில் கேட்டேன். "700ஆர்4 எல்லாம் ஒன்றுதான், இது கமாரோவில் இருந்து கழற்றியது, கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்" என்றார்கள். கமாரோ செவர்லேயின் இன்னொரு கார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். கிட்டத்தட்ட 70 கிலோ. வீட்டில் இறக்குவதற்குள் எனக்கும் மச்சானுக்கும் இடுப்பு கழன்றுவிட்டது.

அப்புறம்தான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மற்ற வண்டிகளில் கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்க குறுக்கே ஒரு சட்டம் இருக்கும். இந்தத் தலைமுறை கொர்வெட்டில் அது கிடையாது. கியர்பாக்ஸின் வாலில் இருந்து பின்னால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வரை ஒரு நீளமான பீம் போகிறது, இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான். அதனால் இதன் டெய்ல் ஹவுசிங்கின், அதாவது வால் பக்கக் கூட்டின் வார்ப்பே வேறு. கமாரோவுக்கோ பின் ஆக்சிலிலிருந்து வரும் டார்க் ஆர்ம் என்ற நீளமான கையை மாட்டுவதற்குத் தோதாக வார்த்திருக்கிறார்கள். உள்ளே பல்சக்கரம் எல்லாம் அதேதான், முதல் கியர் 3.06, நான்காவது 0.70, ஆனால் வால் வேறு. போதாக்குறைக்கு நான் வாங்கியது வி6 கமாரோவினுடையது. இன்ஜினோடு சேரும் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கும் கேஸும் ஒரே வார்ப்பு என்பதால் முன்பக்க போல்ட் துளைகளும் என் வி8 இன்ஜினோடு சேரவில்லை. இரண்டு முனையும் பொருந்தாத ஒன்றைத்தான் தூக்கி வந்திருக்கிறேன்! பாதிப் பணம்தான் திரும்பி வந்தது, அந்தப் பேச்சு வேண்டாம்.

இரண்டாவது முறை ஒழுங்காக இறங்கினேன். முதலில் என் பழைய கியர்பாக்ஸ் பெட்டியைத் துடைத்தேன். அடியில் இருக்கும் ஆயில் தட்டில், அதாவது பேனில் 16 போல்ட். டர்போ 350 என்ற பழைய மூன்று கியர் பெட்டி என்றால் 13 இருக்கும், எண்ணினாலே தெரிந்துவிடும். பேன் உட்காரும் விளிம்புக்கு மேலே கேஸில் குத்தியிருந்த குறியீட்டை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் முதல் எண் 5. முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம். 1995 ஆக இருக்க முடியாது, அதற்குள் கொர்வெட்டுக்கு எலக்ட்ரானிக் முறையில் கியர் மாறும் 4எல்60இ கியர்பாக்ஸ் வந்துவிட்டது. ஆக இது 1985 பெட்டி. எனக்கு முந்தைய யாரோ ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள், விற்கும்போது மூச்சு விடவில்லை. நல்லவேளை, அதற்கும் முந்தையது இல்லை. ஆரம்பகால பெட்டிகளில் இன்ஜின் பக்கச் சுழற்சியை உள்வாங்கும் தண்டான இன்புட் ஷாஃப்டில் 27 பல்தான், பின்னால் வந்தவற்றில் 30. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு 1988 கொர்வெட்டிலிருந்து கழற்றிய பெட்டி கிடைத்தது. இந்தத் தடவை பணம் கொடுப்பதற்கு முன்பே டெய்ல் ஹவுசிங், பெல் ஹவுசிங், குறியீடு, இன்புட் ஷாஃப்ட் எல்லாவற்றையும் போட்டோ அனுப்பச் சொன்னேன். விற்றவருக்கு எரிச்சல்தான், அனுப்பினார்.

மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது, டிவி கேபிள். டிவி என்றால் த்ராட்டில் வால்வு. பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் கம்பி இது, உள்ளே ஆயில் அழுத்தம் இதை வைத்துத்தான் ஏறும். இது தளர்வாக இருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் எரியும். பழையதைக் கழற்றியபோது கேபிள் தொளதொளவென்று தொங்கியது ஞாபகம் வந்தது, அது ஏன் எரிந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்து, கேபிளில் இருக்கும் பூட்டை அழுத்தி ஸ்லைடரைப் பின்னுக்குத் தள்ளி, பூட்டை விட்டுவிட்டு த்ராட்டிலை முழுசாகத் திறந்தேன். க்ளிக் க்ளிக் என்று தானே இடத்தில் உட்கார்ந்தது. இதற்கு ஆன நேரம் மொத்தமே ஐந்து நிமிஷம்.