உள்ளே போகாவிட்டால் சரிதானே?

"உள்ளே போகாவிட்டால் சரிதானே?" என்று பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார். "ஓம் சேர், உள்ளே போகாவிட்டால் பிரச்சினை வராது" என்றேன். மூன்று வருடமாக அந்தப் பதில் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எந்த இடம் என்று எழுதமாட்டேன். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, கன்னியா என்று, சைவக் கோயிலா பௌத்த தொல்லிடமா என்று இழுபறி நடக்கும் இடங்களின் பெயர்களை அறிந்தவர்களுக்கு, தொல்பொருள் திணைக்களப் பலகையும் சூலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடத்தை விளக்கத் தேவையில்லை. அமைச்சர் போவதென்று முடிவான பிறகுதான் கொழும்பில் எங்களைக் கூப்பிட்டார்கள். எத்தனை பொலிஸ், எந்தப் பாதை, எத்தனை நிமிடம், பேச்சு அவ்வளவுதான். மேசையைச் சுற்றியிருந்த ஒன்பது பேரில் தமிழ் ஆள் நான் ஒருவன். போகலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஓர் உத்தியோகத்தன் எப்படிப் பதில் சொல்வான்?

அமைச்சர் உள்ளே போகவில்லைதான். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆனால் அவருக்காக அடிவாரத்தில் போட்ட தடையில், பொங்க வந்த சனம் மத்தியானம் வரை வெயிலில் நின்றது. தள்ளுமுள்ளில் பிடிபட்ட இரண்டு பொடியன்கள் பதினான்கு நாள் விளக்கமறியலில் இருந்தார்கள். அந்த ஊரிலிருக்கும் பெரியம்மா இரவு போன் எடுத்தார். "அவர் உள்ள போகேல்ல தம்பி. எங்களையும் விடேல்லையே. களைஞ்ச அரிசியைத் திருப்பிக் கொண்டுவந்தம்."

பிறகொரு நாள், இஸ்ரேலின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் ஜெருசலேமில் அல் அக்ஸா வளாகத்துக்கு, யூதர்களின் கோயில் மலைக்கு, 2000 செப்டெம்பர் 28இல் போனதைப் பற்றி வாசித்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொலிஸார் காவல். பள்ளிவாசல்களுக்குள் நுழையாவிட்டால் பிரச்சினை இல்லையென்று பலஸ்தீனப் பாதுகாப்புத் தலைவர் ஜிப்ரில் ரஜூப் தன்னிடம் சொன்னதாக, இஸ்ரேலின் அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஷ்லோமோ பென் அமி கூறியிருக்கிறார். என்னுடைய அதே வசனம். மறுநாள், வெள்ளிக்கிழமை, பொலிஸார் ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுட்டார்கள்.

ஷரோனின் விஜயம் அதன்பின் வெடித்த இன்டிபாடாவுக்கு, பலஸ்தீனர்களின் எழுச்சிக்கு, காரணமல்ல, மறுநாள் பொலிஸார் உயிரைப் பறிக்கும் பலத்தைப் பாவிக்க எடுத்த முடிவுதான் பாரதூரமானது என்று அதை ஆராய்ந்த சர்வதேசக் குழுவான மிட்செல் குழுவின் அறிக்கை 2001இல் சொன்னது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தடை போடும்படி நான் சொல்லவில்லையே. ஆனால் இப்படி ஆகுமென்று முன்பே கண்டு, போகவிட வேண்டாமென்று கேட்டவர்கள் இருந்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

கூட்டக் குறிப்பைக் கோப்பில் தேடிப் பார்த்தேன். "தமிழ் உத்தியோகத்தரிடம் ஆலோசிக்கப்பட்டது. ஆட்சேபனை இல்லை." பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

அன்றைக்குத்தான் பொங்கல் என்று பெரியம்மா ஒரு கிழமைக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். மேசையில் திகதியைச் சொன்னபோது அது நினைவுக்கும் வந்தது. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தது பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது.