இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைப்புக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டாமாண்டு வகுப்பு ஒன்றின் ஆலோசகர் பொறுப்பும் என்னிடம் உள்ளது. வருகைப் பதிவு, அரியர் கணக்கு, பெற்றோர் சந்திப்பு என்று பழகிப்போன வேலைகளுக்கு நடுவே, மாணவர் அனைவரின் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) எண்ணையும் தேர்வுக் கட்டணக் கடைசி நாளுக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றாதவர்களின் தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்படும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. 58 பேரில் 49 பேருக்கு ஒரே முற்பகலில் வேலை முடிந்தது. மீதி ஒன்பது பேருக்கு ஆறு வாரம் ஆகியும் முழுதாக முடியவில்லை.

2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிமுறை வெளியிட்ட இந்த ஏபிசி திட்டத்தில், பாடங்களில் தேர்ச்சி பெற்று மாணவர் ஈட்டும் கிரெடிட்டுகள் அவரவருக்கான 12 இலக்கக் கணக்கில் சேர்கின்றன. அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாகக் கணக்கைத் திறக்க ஆதார் வேண்டும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயரும் இனிஷியலும் இருக்கும். ஆதாரிலோ, முகாமில் பதிந்தவரின் விருப்பத்துக்கேற்ப அப்பாவின் முழுப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இனிஷியலே இருக்காது. பல்கலைக்கழகத் தளம் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் சிவப்பில் தள்ளிவிடுகிறது.

ஒருவர் அனுப்பிய எண்ணில் வேறு சிக்கல். கைப்பேசியில் அண்ணனின் டிஜிலாக்கர் திறந்திருந்ததால், அண்ணனின் எண்ணையே தன்னுடையது என்று அனுப்பியிருந்தார். அதன் பிறகு எண்ணை மட்டும் வாங்குவதை நிறுத்திவிட்டு, பெயர் தெரியும்படி ஏபிசி அட்டையின் படத்தையே கேட்டு வாங்கினேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஒரு மாணவியின் பெயர். அவரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் செல்வி, ஓர் இடைவெளி, எம். ஆதாரில் செல்வி முருகேசன். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக யாரோ சொன்னதைக் கேட்டு, அப்பா பெயரைச் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. இது தெரிந்ததும் மாணவியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் ஆதார் மையத்துக்கு நானும் உடன் போனேன்.

முதல் நடை வீண். ஒன்பதரைக்குப் போய் டோக்கன் வாங்கி, பதினொன்றரைக்கு முறை வந்தபோது, மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸைக் கையில்கூட வாங்காமல் அசல் வேண்டும் என்று மையத்தில் இருந்த பதிவாளர் திருப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். அசலைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆனால் அசல் எங்கே இருந்தது? எங்கள் கல்லூரி அலுவலகத்தின் பீரோவில். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருந்தும், முதல்வரின் கையெழுத்து, என் உறுதிக் கடிதம், பதிவேட்டில் மாணவியின் கையெழுத்து எல்லாம் ஆன பிறகுதான் இரண்டு நாள் இரவலாக அது கிடைத்தது. அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் நடையில் 75 ரூபாய் கட்டணத்தோடு பதிவு தொடங்கியது. இத்தகைய மையங்களில் விண்ணப்பதாரர் பக்கம் ஒரு திரை திரும்பியிருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. நான் பார்த்தேன். இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தது. மதிப்பெண் பட்டியலில் புள்ளி இல்லை. ஆங்கிலத்திலிருந்து தானாக வந்த தமிழ் வரியிலோ செல்வி, ஸெல்வி ஆகியிருந்தார். “புள்ளிதானே மேடம், ஒண்ணும் ஆகாது” என்றார் பதிவாளர். “அடுத்த முறை மாற்ற வாய்ப்பே இல்லை, சார்” என்று சொல்லி, மதிப்பெண் பட்டியலைத் திரைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். சலித்துக்கொண்டே திருத்தினார். திருத்திய விவரங்கள் அச்சான சீட்டில் செல்வி கையெழுத்துப் போட்டபோது, நானே தேர்வு எழுதி முடித்தது போல இருந்தது.

பதினொரு நாளில் ஆதாரில் பெயர் மாறியது. ஆனால் ஏபிசி அட்டையில் பழைய பெயரே இருந்தது. டிஜிலாக்கரில் ஆதாரை மறுபடி சரிபார்த்த பிறகே அங்கும் மாறியது. ஆதார் திருந்தியதும் எல்லாம் திருந்திவிட்டது என்று நினைத்து யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம்.

அதற்குள் பல்கலைக்கழகத் தளம் பூட்டப்பட்டுவிட்டது. முதல்வரின் கடிதத்துடன் பல்கலைக்கழகத்துக்கே போனேன். உரிய பிரிவில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, நாமினல் ரோல் (தேர்வு எழுதும் மாணவர்களின் பெயர்ப் பட்டியல்) நகல் இல்லை என்று திருப்பி நீட்டினார். தொலைபேசியில் இரண்டு முறை விசாரித்தபோது யாரும் அதைக் குறிப்பிடவில்லை. கல்லூரி எழுத்தரைக் கெஞ்சி மின்னஞ்சலில் வரவழைத்து, வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். மூன்றாம் நாள் சிவப்பு பச்சையானது.

மற்றவர்களில் பலருக்கு ஆதாரில் அப்பாவின் பழைய சிம் எண் இருந்ததுதான் தடை; கணக்கைத் திறப்பதற்கான ஓடிபி அந்த எண்ணுக்கே போனது. எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம். ஆனால் மாணவர்கள் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் ஆறு வயதில் பதிந்ததோடு சரி, 15 வயதில் செய்ய வேண்டிய விரல்ரேகைப் புதுப்பித்தலைச் செய்யவே இல்லை. இப்போது ரேகை பொருந்தவில்லை என்று இயந்திரம் அவரைத் திருப்பி அனுப்புகிறது. ரேகையைப் புதுப்பிக்க வரும் திங்கட்கிழமை டோக்கனுக்கு எட்டு மணிக்கே போய் நிற்கச் சொல்லியிருக்கிறேன். என் பட்டியலில் இன்னும் சிவப்பாக இருப்பது அவர் பெயர் மட்டும்தான்.